உள்ளே ஒளிந்திருக்கும் டிபி ஸ்கேனில் தெரியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கிறேன். விடிவதற்குள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ எல்லை தாண்டிக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களும் அவர்கள் வீட்டு ஆட்களும்தான் எங்களிடம் அதிகம் வருகிறார்கள். படம் எடுக்க நிற்கும்போதும், கவரை வாங்கிக்கொண்டு போகும்போதும், அப்புறம் போனிலும் அவர்கள் கேட்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, படம் எடுப்பவன். யாருக்கு என்ன மாத்திரை என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

உடம்புக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் டிபி (காசநோய்) கிருமியை ஸ்கேனில் பார்த்துவிடலாமா?

முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் "பெரிய ஸ்கேனா எடுத்துடுங்க, எல்லாம் தெரிஞ்சிடட்டும்" என்று பணத்தை எடுத்து நீட்டுகிறவர்கள் உண்டு. கிருமியின் நீளம் 2 முதல் 4 மைக்ரான். எக்ஸ்ரே, சிடி, பெட் என எந்த ஸ்கேனிலும் கிருமி தெரியாது. அது நுரையீரலில் செய்துவைத்த வேலைதான் தெரியும், அதாவது வீக்கம், கட்டி, குழி, தழும்பு, நெறிகட்டு. தூங்குகிற கிருமி எந்த வேலையும் செய்யாமல் கிடக்கிறது. அதனால் படமும் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும்.

அப்படி எத்தனை பேருக்கு உள்ளே இருக்கிறது?

நிறையப் பேருக்கு. 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க நடந்த தேசியக் காசநோய் ஆய்வில், 15 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்குத் தொற்று இருந்தது. மூன்று பேருக்கு ஒருவர் மாதிரி. பயப்பட வேண்டாம், இவர்களில் வாழ்நாள் முழுவதும் சேர்த்துப் பார்த்தாலும் நோயாக மாறுவது நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான். கிருமி உள்ளே போன முதல் இரண்டு வருடத்தில்தான் ஆபத்து அதிகம். சர்க்கரை, எச்ஐவி, டயாலிசிஸ், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து, கல்குவாரித் தூசி இவையெல்லாம் இருந்தால் அந்தக் கணக்கு மாறிவிடும்.

ஸ்கேனில் தெரியாது என்றால் வேறு எதில் தெரியும்?

முன்கையில் ஊசி போட்டு இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை அளப்பார்களே, அந்த மாண்டோ டெஸ்ட். இல்லையென்றால் இரத்தத்தில் பார்க்கும் இக்ரா டெஸ்ட். மாண்டோவில் ஒரு சிக்கல், சின்ன வயதில் போட்ட பிசிஜி தடுப்பூசியே சில பேருக்குத் தடிப்பைக் காட்டிவிடும். இக்ராவில் அந்தக் குழப்பம் இல்லை, ஆனால் வெளியே எடுத்தால் ஆயிரக்கணக்கில் செலவு. இப்போது அரசுத் திட்டத்தில் சைடிபி என்று ஒரு தோல் டெஸ்ட் வந்திருக்கிறது. மாண்டோ மாதிரியே கையில் போடுவதுதான், பிசிஜியால் ஏமாறாது. தோல் டெஸ்ட் எதைப் போட்டாலும் தடிப்பை அளக்க 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பி வந்தாக வேண்டும். தோட்டத்துக்குப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறவிடுகிறார்கள், திங்கட்கிழமை ஊசி போட்டுக்கொண்டு போனவர் ஞாயிற்றுக்கிழமை கையை நீட்டினால் ஒன்றும் சொல்ல முடியாது.

இன்னொன்று. இந்த மூன்றும் கிருமி உள்ளே வந்து போயிருக்கிறதா, உடம்பு அதை அடையாளம் வைத்திருக்கிறதா என்றுதான் சொல்லும். கிருமி தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று சொல்லாது. எக்ஸ்ரேக்கு வேலை வருவது அங்கேதான்.

எனக்கு இருமலே இல்லை. பிறகு எதற்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள்?

ஒளிந்திருப்பதில் இரண்டு வகை இருக்கிறது. முதல் வகை மேலே சொன்ன தூங்கும் தொற்று. இரண்டாவது, நோயே ஆரம்பித்துவிட்டது, நுரையீரலில் புண் விழுந்துவிட்டது, ஆனால் ஆளுக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, ஜீப் ஏறி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். இந்த இரண்டாவது வகையைப் பிடிப்பதில் எக்ஸ்ரேயை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதே தேசிய ஆய்வில், வெறும் அறிகுறியை மட்டும் கேட்டுவிட்டு அனுப்பியிருந்தால் 42.6 சதவீத நோயாளிகள் தப்பியிருப்பார்கள். எக்ஸ்ரே எடுத்ததால்தான் பிடிபட்டார்கள். பல நாடுகளில் நடந்த இதுபோன்ற ஆய்வுகளிலும் ஏறக்குறைய பாதிப்பேர் இப்படித்தான் அறிகுறி இல்லாமல் அகப்பட்டிருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இருமல் இருந்தாலும் இல்லை என்பார்கள். ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் நிற்கிறவருக்குப் புகை, மேலே மெட்டில் தங்கியிருப்பவருக்குக் குளிர், பீடி குடிப்பவருக்கு பீடி, எல்லா இருமலுக்கும் ஏற்கெனவே ஒரு பெயர் வைத்தாயிற்று. "இருமல் இருக்கா?" என்று கேட்டால் "அது எப்பவும் உள்ளதுதானே" என்று பதில் வரும். படம் அப்படி நழுவாது.

அப்படியானால் எக்ஸ்ரேயில் ஏதாவது தெரிந்தால் டிபி என்று அர்த்தமா?

இல்லவே இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தேசிய ஆய்வின்படி ஒரு லட்சத்துக்கு 316 பேருக்கு நுரையீரல் டிபி, அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர். உலக சுகாதார நிறுவனம் 2021இல் கொடுத்த கணக்கில், "படத்தில் ஏதோ ஒரு மாற்றம்" என்பதை வைத்துப் பார்த்தால் நோய் உள்ளவர்களில் 94 சதவீதம் பேரை எக்ஸ்ரே பிடித்துவிடும், நோய் இல்லாதவர்களில் 89 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மிச்சம் 11 சதவீதம் என்பது ஆயிரம் பேர் வரும் முகாமில் 110 பேர். மூன்று பேரைப் பிடிக்க நூற்றுப் பத்துப் பேர் வலையில் விழுவார்கள். அதனால்தான் படத்துக்கு அடுத்து சளி டெஸ்ட் கட்டாயம். ட்ரூநாட் அல்லது சிபிநாட் மெஷினில் சளியில் கிருமியின் மரபுப்பொருளே இருக்கிறதா என்று பார்த்து, டிபிக்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். படத்தை மட்டும் பார்த்து ஆறு மாத மாத்திரையை யாராவது கையில் கொடுத்தால், "சளி டெஸ்ட் எங்கே சார்?" என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. சளியே வராதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் டாக்டர் வேறு வழியில் முடிவெடுக்க வேண்டி வரலாம், அது தனி.

சடையைத் தூக்கிக் கட்டு, தாயத்தைக் கழற்று என்று ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

ஒளிந்திருக்கும் டிபிக்குப் பிடித்த இடம் நுரையீரலின் உச்சி. கழுத்தெலும்புக்குப் பின்னால், மேல் மூலை. எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னிய சடை தோள்மேல் விழுந்து கிடந்தால் படத்தில் சரியாக அதே இடத்தில் வெள்ளையாகக் கோடு கோடாக நிழல் விழும், பார்ப்பவர் "மேல் பகுதியில் திட்டு" என்று எழுதிவிடுவார். வெள்ளித் தாயத்து, சங்கிலி, ஊக்கு, சட்டைப் பித்தான் எல்லாம் இப்படித்தான். தாடையைத் தூக்கு, கையை இடுப்பில் வைத்துத் தோளை முன்னால் தள்ளு என்று நாங்கள் படுத்துவதும் காரணத்தோடுதான். அப்படி நின்றால் தோள்பட்டை எலும்பு நுரையீரலை விட்டு விலகிவிடும். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பதை மட்டும் தயவுசெய்து அரைகுறையாகச் செய்யாதீர்கள். முழு மூச்சு இல்லையென்றால் அடிப்பகுதி ஒன்றோடொன்று ஒட்டி, நோய் மாதிரியே தெரியும். நல்ல ஸ்கேன் மெஷின் எது என்று கேட்கிறார்கள், நன்றாக மூச்சைப் பிடித்து எடுத்த சாதாரணப் படம்தான் என் பதில்.

ரிப்போர்ட்டில் "ரைட் அப்பர் ஸோன் ஃபைப்ராசிஸ்" என்று போட்டிருக்கிறது. பயமாக இருக்கிறது.

வலது மேல் பகுதியில் தழும்பு என்கிறார்கள். தழும்பு என்பது ஆறிய அடுப்பில் கிடக்கும் கரி மாதிரி, எப்போதோ எரிந்திருக்கிறது என்றுதான் தெரியும். உள்ளே கங்கு இருக்கிறதா என்று ஒரே படத்தை வைத்துச் சொல்வது அனுபவசாலிக்கும் கஷ்டம். அதைச் சொல்லக்கூடியவை இரண்டே விஷயம்தான், ஒன்று சளி டெஸ்ட், இன்னொன்று உங்கள் பழைய படம். மூன்று வருடம் முன்னால் எடுத்த படத்திலும் அதே தழும்பு அதே அளவில் இருந்தால் நெஞ்சில் பாதி பாரம் குறைந்துவிடும். புதிதாக வந்திருந்தால் விட்டுவிடவே கூடாது. அதனால் பழைய படத்தைத் தூக்கிப் போடாதீர்கள். வீட்டில் கண்ணாடி சன்னலுக்கு மறைப்பாக ஒட்டிவைத்திருந்தால்கூடப் பரவாயில்லை, கழற்றி எடுத்துவாருங்கள், பார்த்துவிடலாம்.

கல்ஃப் வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் அன்ஃபிட் (தகுதியில்லை) ஆனவர்கள் இந்தக் கேள்வியை வேறு குரலில் கேட்பார்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைகுடாவை நம்பி இருக்கிற குடும்பங்கள் ஏராளம். அந்த நாடுகளின் விதிப்படி நோய் இருக்க வேண்டும் என்பதில்லை, பழைய டிபியின் தழும்போ சுண்ணாம்புப் புள்ளியோ படத்தில் இருந்தாலே நிராகரிக்கலாம். அது குடியேற்ற விதி, உங்களுக்கு நோய் இருக்கிறது என்ற சான்றிதழ் அல்ல. இதைப் புரிந்துகொள்ளாமல் அன்ஃபிட் சீட்டைப் பார்த்ததும் தானாகவே டிபி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்ட பையன்களை எனக்குத் தெரியும். தழும்பு மாத்திரையில் அழியாது. படத்தைக் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்து தருகிறேன் என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் அந்த வாசலில் நிற்காதீர்கள்.

கம்ப்யூட்டரே படத்தைப் பார்த்துச் சொல்கிறதாமே, அதை நம்பலாமா?

முகாம்களில் கையில் தூக்கிப் போகும் சின்ன எக்ஸ்ரே மெஷினைப் பார்த்திருப்பீர்கள், 3.5 கிலோ எடையிலேயே வருகிறது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய நூறு நாள் டிபி இயக்கத்துக்குப் பிறகு இவை அதிகம் கண்ணில் படுகின்றன. படம் எடுத்த சில நொடிகளில் மென்பொருள் ஒரு மதிப்பெண் போட்டு, சந்தேகமான இடத்தை வண்ணத்தில் காட்டிவிடும். 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இதைச் சலித்தெடுக்கப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. படம் படிக்கும் டாக்டரான ரேடியாலஜிஸ்ட் யாரும் எட்டாத தோட்ட லயத்து வீடுகளில் இது பெரிய உதவி என்பதுதான் என் கருத்து. ஆனால் அது சந்தேகப் பட்டியல் போடும் ஆள் மட்டுமே. தழும்புக்கும் புண்ணுக்கும் அதுவும் தடுமாறும், சிறு குழந்தை படத்துக்கு அது பெரும்பாலும் பழக்கப்பட்டதில்லை.

எக்ஸ்ரேக்குப் பதில் நேராக சிடி எடுத்துவிட்டால் என்ன?

சிடி கூர்மையானது, சந்தேகமில்லை. எக்ஸ்ரேயில் இதயத்துக்குப் பின்னால் மறைந்துபோன திட்டு, சிறு குழிகள், மொட்டு விட்ட கிளை மாதிரி சிதறிக் கிடக்கும் நுண் புள்ளிகள், நெஞ்சுக்கு நடுவில் நெறிகட்டு எல்லாம் அதில் தெரியும். சளி டெஸ்ட் நெகட்டிவ், ஆனால் சந்தேகம் தீரவில்லை, எச்ஐவி உள்ளவர், இரத்தம் துப்புகிறார் என்ற நிலையில் டாக்டர் எழுதிக்கொடுத்தால் எடுங்கள். வீட்டில் ஒருவருக்கு டிபி வந்துவிட்டது என்று குடும்பமே வரிசையாக வந்து சிடி எடுப்பது வீண்.

பெட் ஸ்கேனில் ஒளிந்திருக்கும் டிபி மின்னும் என்று படித்தேன், உண்மையா?

பாதி உண்மை. ஃப்ளூரின் 18 ஒட்டிய ஒரு வகைச் சர்க்கரையை நரம்பில் ஏற்றி, ஒரு மணி நேரம் படுக்கவைத்து, அதை எந்த இடம் அதிகமாக உறிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். நம் எதிர்ப்பு அணுக்கள் எங்கே சண்டை போடுகின்றனவோ அங்கே சர்க்கரை அதிகம் செலவாகும், அந்த இடம் மின்னும். 2016இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்று இதில் முக்கியமானது. எச்ஐவி இருந்து, இன்னும் அதற்கு மருந்து தொடங்காத, டிபி தொற்று தூங்குவதாக நினைத்த, எந்த அறிகுறியும் இல்லாத 35 பேருக்கு பெட்-சிடி எடுத்தார்கள். 10 பேருக்கு உள்ளே நோய் ஏற்கெனவே கிளம்பிவிட்ட அடையாளம் இருந்தது, பின்னாளில் நோயாக வெளிப்பட்டதும் அந்தப் பத்துப் பேர் கூட்டத்தில்தான் அதிகம். தூக்கம், விழிப்பு என்று இரண்டே நிலை இல்லை, நடுவில் புரண்டு படுக்கும் நிலைகளும் உண்டு என்று அப்போதுதான் படமாகத் தெரிந்தது.

ஆனால் அதை வைத்து நீங்கள் மதுரைக்கோ கொச்சிக்கோ போய்ப் பத்தாயிரத்துக்கு மேல் செலவழித்து பெட் எடுக்க வேண்டுமா என்றால், வேண்டாம். புற்றுநோயும் மின்னும், நிமோனியாவும் மின்னும், சார்காய்டு என்ற வீக்க நோயும் மின்னும். நம் நாட்டில் புற்றுநோய் என்று பயந்து பெட் எடுத்து, ஊசி குத்திப் பார்த்தபிறகு டிபி என்று தெரிந்தவர்களும் உண்டு, தலைகீழாக நடந்ததும் உண்டு. இன்னொரு வேடிக்கை, அதே 2016இல் வந்த வேறொரு தென்னாப்பிரிக்க ஆய்வில், மாத்திரை முழுக்க முடித்து சளியில் கிருமி இல்லாமல் குணமான பலருக்கும் நுரையீரலில் மினுக்கம் மிச்சம் இருந்தது. காரணம் தெரியாத காய்ச்சல், எங்கே ஊசி குத்திச் சதை எடுப்பது என்ற தேடல், முதுகெலும்பு டிபி எவ்வளவு பரவியிருக்கிறது என்ற கேள்வி, இவற்றுக்கு பெட் உண்மையிலேயே உதவும்.

கிருமியை மட்டும் காட்டும் ஸ்கேன் வரப்போகிறதா?

முயற்சி நடக்கிறது. மனித உடம்பு டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைத் தயாரிப்பதில்லை, டிபி கிருமி அதைத் தன் மேலுறையில் பயன்படுத்துகிறது. அந்தச் சர்க்கரையில் கதிர் வீசும் ஃப்ளூரினை ஒட்டினால் கிருமி இருக்கும் இடம் மட்டும் மின்ன வேண்டும். இங்கிலாந்தின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் நிறுவனம், ஆக்ஸ்போர்டு, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2024இல் விலங்குகளில் இதைக் காட்டியது. இதில் எனக்குப் பிடித்தது தொழில்நுட்ப விஷயம்: இப்போது எல்லா பெட் மையங்களுக்கும் வருகிற அதே சர்க்கரையை நொதிகள் போட்டு மாற்றினால் போதும், தனியாக ரசாயனக் கூடம் தேவையில்லை. ஃப்ளூரின் 18 சுமார் 110 நிமிடத்தில் பாதி கரைந்துவிடும் சரக்கு, எனவே எங்கே தயாரிக்கிறார்கள் என்பது சின்ன விஷயமல்ல. ஆனால் கிருமி சுறுசுறுப்பாக இருந்தால்தான் அந்தச் சர்க்கரையை எடுக்கும். அசந்து தூங்கும் கிருமியை இதிலும் தேட வேண்டியிருக்கும்.

இத்தனை கதிர் உடம்புக்கு ஆகாதே?

உடம்பு வாங்கும் கதிரை மில்லி சீவர்ட் என்ற அளவில் சொல்வார்கள், நெஞ்சு எக்ஸ்ரே 0.1 மில்லி சீவர்ட்டுக்குள் முடிந்துவிடும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் சும்மா இருந்தாலே வருடத்துக்குச் சராசரியாக 2.4 வாங்குகிறோம், ஆக ஒரு படம் பதினைந்து நாள் கணக்குகூட இல்லை. மணவாளக்குறிச்சி, கருநாகப்பள்ளி கடற்கரை மணலில் தோரியம் கிடப்பதால் அங்கே குடியிருப்பவர்கள் இதைவிட அதிகமாகவே வாங்குகிறார்கள். கருநாகப்பள்ளி மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வில் அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. நெஞ்சு சிடி என்றால் 5 முதல் 7 வரை ஆகும், பெட்-சிடி அதற்கும் மேலே. தேவை இருந்தால் எடுக்கலாம், மன நிம்மதிக்காக எடுக்கக் கூடாது. கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நெஞ்சுப் படத்தில் கருவுக்குப் போவது மிகச் சொற்பம், வயிற்றை மறைத்து எடுப்போம், ஆனால் சொல்லாமல் மட்டும் இருக்காதீர்கள்.

படம் நார்மல், தோல் டெஸ்ட் பாசிட்டிவ். நன்றாகத்தானே இருக்கிறேன், மாத்திரை எதற்கு?

படம் நார்மலாக இருப்பதால்தான் அந்த மாத்திரை. நோய் கிளம்பியிருந்தால் நான்கு மருந்து சேர்ந்த முழுச் சிகிச்சை வேண்டியிருக்கும், அதை விட்டுவிட்டு ஒன்றிரண்டு மருந்து மட்டும் கொடுத்தால் கிருமி பழகிவிடும். ஆகவே முதலில் எக்ஸ்ரே எடுத்து நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம் தடுப்பு மாத்திரை. ஐசோனியாசிட்டும் ரிஃபாபென்டினும் வாரம் ஒரு முறை, மொத்தம் 12 வேளை. அல்லது ஐசோனியாசிட் மட்டும் தினமும் ஆறு மாதம். அரசு மருத்துவமனையில் இலவசம். வாரமாத்திரை போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், இரத்தம் என்று அலறி நிறுத்திவிடாதீர்கள். குடிப்பழக்கமோ மஞ்சள் காமாலை வந்த கதையோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், ஈரல் விஷயம். வீட்டில் டிபி நோயாளி இருந்து ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்தால், நோய் இல்லை என்று பார்த்த பிறகு தோல் டெஸ்ட்டுக்குக்கூடக் காத்திருக்காமல் தடுப்பு மருந்து கொடுப்பார்கள்.

வேலை வண்டன்மேட்டில், வீடு கம்பத்தில். எங்கே காட்டுவது?

எங்கே காட்டினாலும் சரி. நிக்ஷய் என்ற அரசுப் பதிவில் ஒரு எண் கொடுப்பார்கள், அது இந்தியா முழுக்கச் செல்லும். நெடுங்கண்டத்தில் மாத்திரை தொடங்கி, சீசன் முடிந்து ஊருக்கு வந்தால் அதே எண்ணில் இங்கே மாற்றிக்கொள்ளலாம், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். கிளம்புவதற்கு முன்னால் அங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கையில் கொஞ்ச நாளைக்கு மாத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். நோய் உறுதியானவர்களுக்கு சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும், 2024 நவம்பருக்கு முன் அது 500 ஆக இருந்தது. சந்தேகத்துக்கு 1800 11 6666 இலவச எண்.

தூங்கும் தொற்று இருப்பவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்க வேண்டுமா?

வேண்டாம். அவரிடமிருந்து யாருக்கும் பரவாது. நோய் இருப்பவரிடமிருந்துகூட டிபி தட்டில் வருவதில்லை, காற்றில்தான் வருகிறது. மருமகளுக்கு இக்ரா பாசிட்டிவ் என்றதும் அவள் சோற்றுத் தட்டைத் திண்ணைக்கு மாற்றிய வீட்டுக்காரர்களே, சன்னலைத் திறந்து வையுங்கள், தட்டை உள்ளே எடுங்கள்.